தாய்ப்பூனையைக் காட்டாத வீட்டில் குட்டி வாங்கலாமா?

கேள்வி: டாக்டர், எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாகப் பூனைக்குட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இணையத்தில் தேடியதில், வீட்டிலேயே பெர்சியன் பூனை வளர்த்துக் குட்டி விற்கும் ஒருவர் கிடைத்தார். படத்தில் பார்த்த வெள்ளைக் குட்டி எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நீலக் கண். வயது ஏழு வாரம். தானாகவே சாப்பிடுகிறது, உடனே கொண்டுபோகலாம் என்கிறார். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "புது ஆளைப் பார்த்தால் அது மிரளும், வீடியோ அனுப்புகிறேன்" என்றார். தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றாம், புத்தகத்தைப் பிறகு தருவாராம். அசல் இனம் என்பதற்கான பதிவுப் பேப்பர் வேண்டுமென்றால் தனிக் காசு. இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே பாதித் தொகை அனுப்பினால்தான் நிறுத்திவைக்க முடியும் என்கிறார். "கடையில் வாங்கினாலாவது போய்க் கேட்கலாம், வீட்டில் வாங்கினால் யாரைப் பிடிப்பது?" என்பது என் கணவரின் கேள்வி. வீட்டில் வளர்ப்பவரிடம் வாங்குவது சரியா? அது அசல் பெர்சியன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி

பதில்: இன்றைக்குப் பணம் அனுப்பாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம்.

அவர் வீட்டில் வைத்து வளர்க்கிறார் என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. உங்கள் கணவர் மன்னிக்க வேண்டும், இதில் நான் அவருக்கு எதிர்க்கட்சி. பூனைக்குட்டி வளர வேண்டிய இடம் வீடுதான். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய ஏழாவது வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். மிக்ஸி ஓடும் சத்தம், கதவு அறைந்து சாத்துவது, குழந்தை ஓடுவது, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்குவது எல்லாம் அந்த ஐந்து வாரத்துக்குள் அதன் மனதில் 'இது சாதாரணம்' என்று பதிந்துவிட வேண்டும். பதியாமல் போனால், பிறகு எத்தனை அன்பு காட்டினாலும் கட்டிலுக்கடியிலேயே காலம் தள்ளுகிற பூனையாகிவிடும். அப்படிப்பட்ட பூனைகளைப் பிடிக்கப் போய் என் கையில் விழுந்த கீறல்களுக்குக் கணக்கில்லை. பல இடத்துக் குட்டிகளைக் கூண்டில் அடுக்கி விற்கும் இடத்தில் இந்தப் பழக்கம் கிடைக்காது. போதாததற்கு ஒன்று தும்மினால் ஒரு வாரத்துக்குள் எல்லாம் தும்மும்.

ஆனால் வீடு என்றால் வீட்டில் எந்த மூலை என்று கேட்க வேண்டும். கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் பெட்டி வைத்து வளர்ப்பவரும் வீட்டு ப்ரீடர்தான். பின்னறையில் கூண்டுகளை அடுக்கிவைத்து, தீனி போட்டு விளக்கை அணைத்துவிட்டு வருபவரும் வீட்டு ப்ரீடர்தான். விளம்பரத்தில் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் போடுவார்கள். இவர் எந்த ரகம் என்பது நேரில் போனால் ஒழியத் தெரியாது.

இப்போது தாய்ப்பூனை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். "தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம்" என்று பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு பழமொழி உண்டு. மனிதர்களுக்கு அது எந்த அளவுக்குச் சரியோ, பூனைக்கு நூற்றுக்கு நூறு சரி. ஏழு வாரக் குட்டியைப் பார்த்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. எல்லாக் குட்டியும் அழகு, நோயுள்ள குட்டியும் அழகு. நாளைக்கு அது எப்படிப்பட்ட பூனையாகும் என்பதன் முக்கால் கதை தாயிடம் இருக்கிறது.

"மிரளும்" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அப்படியானால் புது மனிதரைக் கண்டால் ஓடி ஒளிகிற தாயைப் பார்த்துத்தானே அந்தக் குட்டிகள் ஏழு வாரமும் வளர்ந்திருக்கின்றன? பயம் ரத்தத்திலும் வரும், பார்த்துப் பழகியும் வரும். அவர் சொல்வது பொய் என்றால், தாய் அங்கே இல்லாமல் இருக்கலாம். எங்கிருந்தோ குட்டிகளை மொத்தமாக எடுத்து, வீட்டில் வளர்த்தது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அல்லது தாய் இருக்கிறது, காட்டும் நிலையில் இல்லை. மூன்றில் எதுவானாலும் உங்களுக்கு நல்ல செய்தி இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: குட்டி போட்ட முதல் சில வாரங்கள் நல்ல ப்ரீடர்களே யாரையும் உள்ளே விடமாட்டார்கள். தொற்றுக்கும் பயம், தாய் கலவரப்பட்டுக் குட்டிகளைக் கவனிக்காமல் விட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ஏழாவது வாரத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

தாயைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுத்து முடித்த பூனை கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும், முடியும் கொட்டியிருக்கும். முக்கியமாகப் பெர்சியனில் வயிற்றுப்பக்கம் வழித்துவிட்டது போல இருக்கும். அதைப் பார்த்து ஏமாற்று என்று எண்ண வேண்டாம். கண்ணில் பீளை, அடைத்த மூக்கு, தும்மல், உரிந்து வட்டமாகத் தெரியும் தோல், கையை நீட்டினால் பதுங்குவது, இவைதான் கவலைக்குரியவை. அதற்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, கடைசியாக எப்போது குட்டி போட்டது என்று கேளுங்கள். ஒரு வயதுகூட ஆகாத பூனையைச் சினைக்கு விட்டிருந்தாலோ, வருடத்துக்கு மூன்று ஈற்று எடுத்தாலோ அவர் பூனை வளர்க்கவில்லை, குட்டி உற்பத்தி செய்கிறார். இன்னொரு கேள்வியும் கேட்கலாம், பதில் சுவாரசியமாக இருக்கும்: "குட்டி போட்டு ஓய்ந்த பழைய பூனைகளெல்லாம் இப்போது எங்கே?" நல்ல ப்ரீடர் உடனே சொல்லிவிடுவார். ஒன்று சோபாவில் தூங்கிக்கொண்டிருக்கும், இன்னொன்று அக்கா வீட்டில் இருக்கும்.

தகப்பன் அங்கே இல்லாவிட்டால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கடுவன் பூனை சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சும், அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். அதனால் பலர் வெளியிலிருந்துதான் கடுவனை ஏற்பாடு செய்வார்கள். அதன் படமும் பரிசோதனை அறிக்கையும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது வயது. தானாகச் சாப்பிடுகிறது என்பது குட்டி வீட்டை விட்டுக் கிளம்பத் தயார் என்பதற்கு அடையாளம் அல்ல. நான்கு வாரத்திலேயே குட்டி தட்டில் வாய் வைக்கத் தொடங்கிவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வாரம் வரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும் என்பதுதான் பொறுப்பான ப்ரீடர்களின் கணக்கு. பிரிட்டனின் ஜிசிசிஎஃப் என்ற பூனைப் பதிவு அமைப்பு 13 வாரம் என்கிறது. அந்தக் கடைசி ஐந்தாறு வாரத்தில் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்த்தால் புரியும். ஒரு குட்டி இன்னொன்றின் காதைக் கடிக்கும். அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது இப்படித்தான். இந்தப் பாடம் தவறிப்போன குட்டி அதை உங்கள் மகளின் கையில் படித்துக்கொள்ளும்.

வயதைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு தடவை ஒரு தம்பதி, எட்டு வாரம் என்று சொல்லி விற்ற குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்கள். எடை பார்த்தேன், 430 கிராம். வாயைத் திறந்தேன். முன்பற்கள் இருக்கின்றன, ஊசி மாதிரி கோரைப்பற்கள் இருக்கின்றன, பக்கப் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈறு, லேசாகத் தடித்திருந்தது. நாலரை வாரத்துக்கு மேல் இருக்காது. பாலுக்கு ஏங்கி அவர்கள் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் கூடும். எட்டு வாரத்தில் பால்பற்கள் 26-ம் வந்திருக்க வேண்டும், எடையும் ஒரு கிலோவை நெருங்க வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும், இதை நீங்களே பார்த்துவிடலாம். அப்புறம், 'டீக்கப் பெர்சியன்' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அப்படி ஓர் இனம் இல்லை. சவலைக் குட்டிக்கு வைத்த செல்லப்பெயர் அது.

தடுப்பூசி "எல்லாம் போட்டாயிற்று" என்பது ஏழு வாரத்தில் நடக்க முடியாத காரியம். பிறந்த முதல் நாளில் குடித்த சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்திருக்கும். அது குட்டியைக் காப்பாற்றும், ஆனால் நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எட்டாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள் ஏதோ ஒரு நாள் அது வடிந்துபோகும். எந்தக் குட்டிக்கு எந்த நாள் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும் வரை போடுகிறோம். பான்லூகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் சேர்ந்த ஊசி அது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி பன்னிரண்டு வாரத்துக்கு மேல்தான். ஏழு வாரத்துக் குட்டிக்கு அதிகபட்சம் ஓர் ஊசி போட்டிருக்கலாம். போட்டிருந்தால் புத்தகத்தில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், தேதி, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கும். புத்தகம் குட்டியோடு வர வேண்டும். பிறகு வரும் புத்தகம் பிறகுதான் எழுதப்படும்.

இனி பெர்சியன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் பேசாத விஷயம் இதில்தான் அதிகம்.

பெர்சியன் இனத்தில் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஒன்று உண்டு, சுருக்கமாகப் பிகேடி என்பார்கள். பிறக்கும்போதே சிறுநீரகத்தில் கடுகளவு நீர்க்கட்டிகள் இருக்கும். வருடக்கணக்கில் மெள்ள வளர்ந்து, நல்ல சதையை நெருக்கி அழிக்கும். பூனை நன்றாகத்தான் விளையாடும். பெரும்பாலும் ஏழு வயதையொட்டித்தான் தண்ணீர் அதிகம் குடிப்பது, இளைப்பது, வாந்தி என்று தலைகாட்டும். அப்போது கட்டிகளை ஒன்றும் செய்ய முடியாது. பரிசோதனை பரவலாவதற்கு முன் பல நாடுகளில் எடுத்த கணக்குகளில் பெர்சியன் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த நோய் இருந்தது. தாய் தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், குட்டிகளில் பாதிக்கு வரும். இதற்குக் காரணமான மரபணுப் பிழையை 2004-ல் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். இவ்வளவு எளிதான சோதனையைத் தாய்க்கும் தகப்பனுக்கும் செய்யாமல் பெர்சியன் குட்டி விற்பவருக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், செலவு. "எங்கள் பூனைகளுக்கு எந்த நோயும் வந்ததில்லை" என்பது பதில் இல்லை. மூன்று வயதுத் தாய்க்கு அது எப்படித் தெரியும்? ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். அதில் பூனையின் பெயர் மட்டும் போதாது. மைக்ரோசிப் எண் 15 இலக்கம், அது அறிக்கையிலும் பூனையின் தோளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அறிக்கை இல்லை, ஆனால் அவர் நேர்மையானவராகத் தெரிகிறார் என்றால் "நாங்களே செலவு செய்கிறோம், தாய்க்கும் தகப்பனுக்கும் சோதனை செய்யலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலை விட முகத்தைக் கவனியுங்கள்.

முகம். பொம்மை முகம் என்றும் தட்டை முகம் என்றும் இரண்டு விதம் சொல்வார்கள், தட்டையானதற்கு விலை அதிகம். நான் பார்க்கிற கோணத்தில் அது தலைகீழ். மூக்கு உள்ளே போகப் போகச் சுவாசப் பாதை நெருங்கும், கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாய் மடங்கிக் கன்னத்தில் வழியும், பற்கள் கோணலாகும், பிரசவத்தில் குட்டியின் தலை சிக்கும். குட்டியின் முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழ் இமையைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் வேண்டாம். தூங்கும்போது குறட்டை விடுகிறதா என்று கேளுங்கள். "அதுதான் அழகு" என்பார்கள். மூச்சு விடுவதற்குப் பாடுபடுகிற சத்தம் அது.

உங்கள் குட்டி வெள்ளை, நீலக் கண் என்றீர்கள். இரண்டு விஷயம். ஏழு வாரத்தில் கண்ணின் நிறம் முடிவானதில்லை. எல்லாக் குட்டிக்கும் முதலில் நீலம்தான், அந்த வயதில்தான் மாறவே தொடங்கும். நீலமாகவே நின்றுவிட்டால் இன்னொரு கவலை: முழு வெள்ளையாகவும் இரண்டு கண்ணும் நீலமாகவும் உள்ள பூனைகளில் பாதிக்கு மேல் காது கேட்காது. வெள்ளை நிறத்தைத் தரும் அதே மரபணு உள்காதையும் பாதிக்கிறது. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது, அதற்குக் காற்றோ தரை அதிர்வோ போகாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். மற்றக் குட்டிகள் திரும்பி, இது மட்டும் திரும்பாவிட்டால் சந்தேகப்படலாம். சரியாகத் தெரிந்துகொள்ள மூளையின் அலையைப் பதிவு செய்யும் கேட்புச் சோதனை இருக்கிறது. காது கேளாத பூனை வீட்டுக்குள் சந்தோஷமாகவே வாழும், வெளியே விட முடியாது, அவ்வளவுதான். தெரிந்து வாங்கினால் தவறில்லை.

பெர்சியனுக்குத் தினமும் முடி சீவ வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அக்குளிலும் வாலடியிலும் சடை விழுந்து, தோலோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் மயக்கம் கொடுத்து மழிக்க வேண்டிவரும். கண்ணைத் தினமும் துடைக்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது, முதல் மாதம் அவள் செய்வாள். இரண்டாவது மாதத்திலிருந்து நீங்கள். இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு மனம் மாறி வேறு இனம் பார்க்கிறீர்கள் என்றால், மெயின் கூன், ராக்டால் இரண்டிலும் இதயத் தசை தடிக்கும் நோய்க்கு மரபணுச் சோதனை உண்டு, அதோடு பெற்ற பூனைகளுக்கு எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும்.

ஸ்காட்டிஷ் ஃபோல்டு மட்டும் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் அந்த மடிந்த காதுப் பூனை ஒன்றைப் பரிசோதித்துவிட்டு, "நல்ல சாது, குதிக்கவே குதிக்காது" என்று வீட்டுக்காரர்களோடு சேர்ந்து நானும் மெச்சினேன். இரண்டு வருடம் கழித்து அதன் பின்னங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கணுக்கால் மூட்டு முழுக்க எலும்பு முண்டு முண்டாக வளர்ந்து ஒட்டிப்போயிருந்தது. வலியில் உட்கார்ந்திருந்த பூனையைச் சாது என்று எழுதியிருந்தேன். காதை மடக்குகிற அதே குருத்தெலும்புக் கோளாறுதான் மூட்டையும் கெடுக்கிறது. மடிந்த காது உள்ள எல்லாப் பூனைக்கும் அது ஏதோ ஓர் அளவில் இருக்கும். இதில் நல்ல ப்ரீடர், கெட்ட ப்ரீடர் என்ற பேச்சே இல்லை.

அசலா என்று கேட்டீர்கள். பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நீள முடி என்பது ஒடுங்கிய மரபணு. குட்டை முடியுள்ள இரண்டு சாதாரணப் பூனைகள் அதை மறைவாக வைத்திருந்தால் புசுபுசு குட்டி பிறக்கும், உடனே 'பெர்சியன் கலப்பு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அசல் இனம் என்பதற்கு ஒரே பொருள், அதன் முன்னோர்கள் பதிவில் இருக்கிறார்கள் என்பதுதான். சிஎஃப்ஏ, டிகா, ஃபிஃபே, ஜிசிசிஎஃப் போன்ற அமைப்புகள் இந்தப் பதிவேட்டை வைத்திருக்கின்றன. பெடிக்ரி என்கிற வம்சாவளித் தாளில் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்கள் இருக்கும். பதிவு எண்ணை அந்த அமைப்பிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். தாளை வாங்கியதும் ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். வந்தால் நெருங்கிய உறவுக்குள் சேர்த்திருக்கிறார்கள். பேப்பருக்குத் தனிக் காசு என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஈற்றைப் பதிவு செய்வதற்குக் குட்டி விலையில் சிறு துளிதான் ஆகும். பதிவு செய்தவர் எல்லாக் குட்டிக்கும்தான் செய்வார். பேப்பர் வேண்டாம், செல்லமாக வளர்த்தால் போதும் என்றால் அதுவும் சரிதான். ஆனால் பேப்பர் இல்லாத குட்டிக்கு அசல் இனத்தின் விலையைக் கொடுக்காதீர்கள். பேப்பர் இருப்பதால் மட்டும் குட்டி ஆரோக்கியம் என்றும் ஆகாது. அது வம்சாவளி, மருத்துவச் சான்றிதழ் அல்ல.

நேரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலைத் தாண்டியதும் முதலில் மூக்கை நம்புங்கள். பூனை இருக்கிற வீட்டில் லேசான வாடை இருக்கும், கண் எரிகிற அளவுக்கு அமோனியா இருந்தால் பூனை கழிவு போகும் மண் பெட்டி (லிட்டர் பெட்டி) நாள்கணக்கில் மாற்றப்படவில்லை. குட்டிகள் இருக்கும் இடத்தில் போய்த் தரையில் உட்காருங்கள், எதையும் தூக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டு வந்து மோந்து பார்க்கும், ஒன்று சேலை நுனியை இழுக்கும். எல்லாம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தால் மனிதக் கை படாமல் வளர்ந்தவை. 'பாவம்' என்று தனியாகச் சுருண்டிருப்பதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும், உங்கள் மகளுக்குக் கட்டாயம் தோன்றும். அது சுபாவமா காய்ச்சலா என்று அந்த இடத்தில் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு கையில் வாங்கிப் பாருங்கள். காதுக்குள் காபித் தூள் போலக் கறுப்பாக அடைந்திருந்தால் காதுப் பூச்சி. அது சின்ன விஷயம், ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று காட்டுகிறது. உடம்பெல்லாம் மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வாலைத் தூக்கிப் பாருங்கள், கழிச்சல் ஒட்டிக் காய்ந்திருக்கக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முடியை எதிர்த் திசையில் விலக்கி, முகத்திலும் காது விளிம்பிலும் முன்கால்களிலும் வட்ட வட்டமாக முடி கொட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். படர்தாமரை பெர்சியனுக்குப் பிடித்த நோய். உங்கள் மகளின் கழுத்துக்கும் கைக்கும் அது தாராளமாக வரும், வித்துகள் மெத்தையிலும் தரைவிரிப்பிலும் ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். ஒரே நாளில் இரண்டு ப்ரீடர் வீட்டுக்குப் போகாதீர்கள். பான்லூகோபீனியா வைரஸ் செருப்பில் ஏறி வரும், சாதாரண சோப்புக்கு மசியாது. நல்ல ப்ரீடர் உங்களைக் கை கழுவச் சொல்வார், செருப்பை வெளியே விடச் சொல்வார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் உங்களையும் கேள்வி கேட்க வேண்டும். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, முன்னால் வளர்த்த விலங்குக்கு என்ன ஆயிற்று என்றெல்லாம். பணம் வந்தால் போதும் என்கிறவர் கேட்கமாட்டார். ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: குட்டியை வாங்கிய மூன்று நாளுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டலாம், தீவிரக் குறை இருந்தால் பணம் திரும்ப வரும், எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும் குட்டியை அவரே திரும்ப எடுத்துக்கொள்வார். இந்தக் கடைசி வரிதான் உங்கள் கணவரின் "யாரைப் பிடிப்பது" என்ற கேள்விக்குப் பதில்.

எந்த நல்ல ப்ரீடராலும் உத்தரவாதம் தர முடியாத நோயும் ஒன்று உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல பூனைகள் சேர்ந்திருக்கும் வீட்டில் குடலில் வாழும் கொரோனா வைரஸ் (மனிதருக்கு வந்தது இல்லை, பூனைக்கே உரியது) சகஜம். மிகச் சில குட்டிகளில் அது உருமாறி எஃப்ஐபி என்ற கடும் நோயாகும், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். முன்பெல்லாம் இதைக் கண்டுபிடித்தாலே முடிந்தது கதை. இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. இது வந்தால் ப்ரீடர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் அவரிடம் தகவல் சொல்லுங்கள், அடுத்த சினைக்கு அதே ஜோடியைச் சேர்க்காமல் இருக்க அவருக்கு உதவும்.

சரி, இந்த விற்பனையாளருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "குட்டி பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருக்கட்டும், காத்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு நாள் வந்து தாயையும் குட்டிகளையும் சேர்த்துப் பார்க்கிறோம். பிகேடி அறிக்கையையும் தடுப்பூசிப் புத்தகத்தையும் அன்றைக்குக் காட்டினால் அங்கேயே முன்பணம் தந்துவிடுகிறோம்." தேதி சொன்னால் போங்கள். தூரம் அதிகமென்றால் நேரலையில் அழைத்து, வாசற்கதவிலிருந்து குட்டிகள் இருக்கும் இடம் வரை கேமராவை நிறுத்தாமல் நடக்கச் சொல்லுங்கள். பதிவு செய்து அனுப்பும் வீடியோ யார் வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம். மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்றே திரும்பச் சொன்னால், அவர்களே எடுத்துக்கொள்ளட்டும்.

எல்லாம் கூடிவந்தால், முதல் தடவை போகும்போது துவைத்த பழைய துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் குட்டிகள் படுக்கும் இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். குட்டியை அழைத்துவரும் நாளில் அந்தத் துண்டைக் கூடைக்குள் விரித்துக் கொண்டுவர வேண்டும், துவைக்கக் கூடாது. முதல் வாரம் ஒரே அறை, அங்கே அது சாப்பிட்ட அதே தீனி, அதே ரக லிட்டர் மண். இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கடியில் இருந்தால் இழுத்து எடுக்க வேண்டாம், ஆனால் ஒரு நாள் முழுக்க வாயில் ஒன்றும் வைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். மகளைத் தரையில் உட்கார்ந்து சத்தமாகக் கதைப் புத்தகம் படிக்கச் சொல்லுங்கள், குட்டியைப் பார்க்காமல். அவள் குரல் பழகியதும் அதுவே புத்தகத்தின் மேல் வந்து உட்காரும்.